ஃபுல்ஸ்கேப் தாள்: பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பழைய பதிவேடுகளைப் பிரித்துத் தைத்து மறுபடி கட்டிக் கொடுக்கிறேன். கோயில் வரவுசெலவு, சங்கக் கூட்டக் குறிப்பு, பள்ளி வருகைப் பதிவு என்று வருகிறவற்றில் பெரும்பகுதி ஃபுல்ஸ்கேப் அளவுதான். கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், பிள்ளைகளுக்குத் தாள் வாங்கப் போகிற பெற்றோர் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஃபுல்ஸ்கேப் என்பது தாளின் வகையா, அளவா?

இன்றைக்கு அது அளவின் பெயர். கோடு போட்டதா, போடாததா, தடிமனா, மெல்லியதா என்பதெல்லாம் வேறு கணக்கு. நம் கடைகளில் ஃபுல்ஸ்கேப் என்று கேட்டால் பெரும்பாலும் கோடு போட்ட, ஏ4-ஐவிடக் கொஞ்சம் நீளமான தாளைத்தான் எடுத்துத் தருவார்கள். அதனால் கோடு போட்டிருந்தால்தான் ஃபுல்ஸ்கேப் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பழைய பிரிட்டிஷ் கணக்குப்படி முழு ஃபுல்ஸ்கேப் என்பது இன்னும் பெரியது. அச்சுக்கான முழுத்தாள் 17 அங்குலத்துக்கு 13½ அங்குலம். அதை நடுவே ஒருமுறை மடித்தால் 13½-க்கு 8½ வரும். நாம் கையில் வைத்து எழுதுவது அந்தப் பாதித்தாளின் வழி வந்தது.

"ஃபுல்" என்றால் முழு என்றுதானே பொருள்? முழுத்தாள் என்பதால் வந்த பெயர் இல்லையா?

இல்லை. தமிழில் எழுதும்போது முதல் எழுத்து குறிலாகிவிட்டது. அதனால் "ஃபுல் டிக்கெட்", "ஃபுல் மீல்ஸ்" வரிசையில் இதையும் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது நெடில், ஃபூல். முட்டாள், கோமாளி என்று பொருள். பின்பகுதி கேப், அதாவது தொப்பி. கோமாளித் தொப்பி என்பதுதான் பெயரின் நேர்ப்பொருள். இத்தாலிய மொழியில் "தலைத்தாள்" என்ற பொருளுள்ள ஒரு தொடரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. தொப்பிக்கோ தாளுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது.

தாளுக்குள் தொப்பியா? எப்படி?

நீர்க்குறியாக. 50 ரிங்கிட் நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துவாங்கு அப்துல் ரஹ்மானின் முகம் தெரிகிறதே, அதே வகைக் குறி. அந்தக் காலத்தில் அதைச் செய்த முறை எளிமையானது.

கையால் தாள் செய்கிறவர்கள் மரச் சட்டத்தில் கம்பி வலை கட்டி வைத்திருப்பார்கள். நெருக்கமாக ஓடும் மெல்லிய கம்பிகள் ஒரு பக்கமும், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிகள் ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் குறுக்காகவும் இருக்கும். பழந்துணியை ஊறவைத்து இடித்த கூழை நீரில் கலக்கி, சட்டத்தை அதில் முக்கி எடுத்துக் குலுக்கினால் நீர் வடிந்து நார் வலைமேல் படியும். அந்தப் படிவுதான் தாள். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெல்லியதாகப் படியும், காய்ந்தபின் அந்த இடம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். இதைக் கவனித்த தாள் பட்டறைக்காரர்கள் தனியாக ஒரு கம்பியை வளைத்து உருவம் செய்து வலைமேல் தைத்து வைத்தார்கள். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பழக்கம் இது. ஃபாப்ரியானோ என்ற ஊர் அதற்குப் பேர்போனது.

காளைத்தலை, கை, கிண்ணம், கிரீடம், வேட்டைக் கொம்பு என்று எத்தனையோ உருவங்கள் வந்தன. அவற்றில் ஒன்று அரசவைக் கோமாளி. பக்கவாட்டில் பார்க்கும் முகம், தலையில் நுனிகளில் மணி தொங்கும் தொப்பி, கழுத்தைச் சுற்றிக் கூர்கூரான பட்டை. பல தாள்களில் கழுத்துக்குக் கீழே நான்கு என்ற எண் போல ஒரு கோடும் மூன்று வட்டங்களும் இருக்கும். 15ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் தாள்களில் இந்தக் கோமாளி இருக்கிறான். பிறகு பல நாட்டுப் பட்டறைகளும் இதைப் பயன்படுத்தின. இந்தக் குறி போட்ட தாள் ஒரு குறிப்பிட்ட அளவிலேயே தொடர்ந்து வந்ததால், வாங்குகிறவர்கள் அளவையே குறியின் பெயரால் கேட்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டறையில் ஒரே அளவுச் சட்டங்கள் இரண்டை ஜோடியாக வைத்து மாற்றி மாற்றி வேலை செய்வார்கள். இரண்டிலும் கம்பி உருவம் கையால் வளைத்ததுதானே, ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஒரு கோமாளிக்கு மூக்கு கொஞ்சம் நீளம், மற்றவனுக்கு மணி சாய்ந்திருக்கும். ஒரு தாளைச் செய்த சட்டத்தையே அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு இந்தச் சின்ன வித்தியாசங்கள் உதவுகின்றன.

இங்கிலாந்து மன்னரை அவமதிக்கத்தான் கோமாளித் தொப்பி போட்டார்கள் என்று படித்தேனே?

கதை இப்படிப் போகும்: முதலாம் சார்லஸ் மன்னரை 1649-இல் தலை வெட்டியபின், கிராம்வெல் காலத்து நாடாளுமன்றம் தன் தாள்களில் இருந்த அரச முத்திரையை எடுத்துவிட்டு, கேலியாகக் கோமாளித் தொப்பியைப் போடச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோமாளிக் குறி அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது. மன்னர் பிறப்பதற்கு முன்பே தாளில் இருந்த குறி அவரைக் கேலி செய்ய வந்திருக்க முடியாது. இந்தக் கதையைப் பள்ளிப் பயிற்சித் தாள்களில் துணுக்காகப் போடுகிற ஆசிரியர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: எடுத்துவிடுங்கள். உண்மைக் கதையே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சரி, நான் வாங்கும் தாளில் தொப்பியைக் காணோமே?

18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இந்த அளவுத் தாளில் கோமாளியின் இடத்தை பிரிட்டானியா உருவம் பிடித்துக்கொண்டது. ஈட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெண், சுற்றி நீள்வட்டம், மேலே கிரீடம். குறி மாறியும் அளவின் பெயர் மாறவில்லை. இன்று கடையில் விற்கும் சாதாரண எழுதுதாளில் எந்தக் குறியும் இருக்காது.

குறி போனபின்னும் அளவுக்கு நிலைத்த பெயர் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கங்களில் நூல் விவரம் போடுவார்களே, அதில் "அளவு: கிரவுன் 1/8" என்று இருக்கும். அந்த கிரவுன், கிரீட நீர்க்குறி போட்ட தாளின் பெயர். தமிழ்ப் பதிப்பாளர்கள் நாள்தோறும் சொல்லும் சொல்லுக்குள் பழைய ஐரோப்பியத் தாள் பட்டறை இருக்கிறது.

மலாயில் இதை ஏன் கெர்தாஸ் காஜாங் என்கிறார்கள்? காஜாங்கில் செய்த தாளா?

சாத்தேவுக்குப் பேர்போன காஜாங்கில் செய்ததால் வந்த பெயர் இல்லை. மலாயில் காஜாங் என்பது மெங்குவாங், நிப்பா போன்ற ஓலைகளைக் கோத்துச் செய்த மறைப்பு. படகுக்கும் வண்டிக்கும் மேற்கூரையாகப் போடுவார்கள், வேண்டாதபோது மடக்கி வைப்பார்கள். தாளைக் குறிக்கும்போதும் "செகாஜாங் கெர்தாஸ்" என்று சொல்லும் வழக்கு உண்டு. மடித்து விரிக்கிற ஒரு பெரிய துண்டு என்ற எண்ணமே இரண்டையும் இணைத்தது என்பது என் கருத்து. ஃபுல்ஸ்கேப்பும் நடுவே மடித்துப் பயன்படுத்திய முழுத்தாள்தானே.

கெர்தாஸ் என்ற சொல் அரபு மொழியின் கிர்தாஸிலிருந்து வந்தது. அரபுக்கு அது கிரேக்கத்திலிருந்து போனது. ஆக, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாணவி கையில் வைத்திருக்கும் ஒரே தாளுக்கு ஆங்கிலப் பெயர் ஐரோப்பியக் கோமாளியிடமிருந்தும், மலாய்ப் பெயர் பாதி கிரேக்கத்திலிருந்தும் பாதி ஆற்றுப் படகிலிருந்தும் வந்திருக்கிறது. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

பள்ளியில் ஃபோலியோ செய்யச் சொல்கிறார்கள். ஃபுல்ஸ்கேப் ஃபோலியோ என்பதும் அதுவா?

வேறு. நம் பள்ளிகளில் ஃபோலியோ என்றால் படம், குறிப்பு எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் ஆய்வேடு. புத்தகத் தொழிலில் ஃபோலியோ என்பது முழுத்தாளை ஒருமுறை மடித்த அளவு. இரண்டு இதழ், நான்கு பக்கம். இருமுறை மடித்தால் குவார்ட்டோ, நான்கு இதழ். மூன்றுமுறை மடித்தால் ஆக்டேவோ, எட்டு இதழ். "1/8" என்று தமிழ்ப் புத்தகங்களில் போடுவது இதைத்தான். ஃபோலியோவின் மூலம் லத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல். நாம் ஓலையை ஏடு என்றோம், பிறகு தாளையும் ஏடு என்றோம். கிட்டங்கிகளில் செட்டியார்கள் எழுதிய பேரேட்டிலும் அந்த ஏடு இருக்கிறது.

குயர் என்பது எத்தனை தாள்?

பழைய கணக்கில் 24, இப்போது 25. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு "ஒரு குயர் நோட்டு, ரெண்டு குயர் நோட்டு" என்று கேட்டு வாங்கிய பழக்கம் இருக்கும். இங்கும் கெட்டி அட்டை போட்ட கணக்கு நோட்டுகளைக் குயர் கணக்கில் விற்பதுண்டு. ஒரு குயர் நோட்டுக்கு 96 பக்கம், இரண்டு குயருக்கு 192 பக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 முழுத்தாளை ஒருமுறை மடித்தால் 48 இதழ், இரண்டு பக்கமாக 96.

சொல்லின் தொடக்கம் லத்தீன் மொழியில் "நான்கு நான்காக" என்ற பொருளுள்ள குவாட்டர்னி. நான்கு தோல் அல்லது தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவே மடித்தால் எட்டு இதழ், 16 பக்கம். அந்த அடுக்கைத்தான் நூல் போட்டுத் தைப்பார்கள். நம் அச்சகங்களில் 16 பக்கத்தை ஒரு பாரம் என்போம். வேறு வழியில் வந்த சொல், ஆனாலும் எண்ணிக்கை அதே 16.

ரீம்?

அரபு மொழியின் ரிஸ்மா, கட்டு என்று பொருள். ஸ்பானிஷ், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்து, மலாயில் ரிம் ஆனது, தமிழில் ரீம். காகிதம் செய்யும் கலை ஐரோப்பாவுக்கு அரபு உலகம் வழியாகப் போனதற்கு இந்தச் சொல்லே ஒரு சாட்சி. இன்று ஒரு ரீம் 500 தாள். முன்பு 20 குயர், அதாவது 480. அச்சுக்காரர்கள் வீணாவதற்கும் சேர்த்து 516 கணக்கு வைத்ததும் உண்டு.

நூல் விவரத்தில் "தாள்: 11.6 கிலோ" என்று போடுவதும் ரீம் கணக்குத்தான். 51-க்கு 76 சென்டிமீட்டர் தாள், சதுர மீட்டருக்கு 60 கிராம், 500 தாள். பெருக்கினால் 11.6 கிலோ வரும்.

ஃபுல்ஸ்கேப், எஃப்4, ஏ4, லீகல்: வித்தியாசம் என்ன?

ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். 1922-இல் ஜெர்மனியில் தரப்படுத்தி, 1975-இல் உலகத் தரமான வரிசை. எஃப்4 என்று நம் பகுதியில் விற்பது 210-க்கு 330. அகலம் ஏ4-க்கு ஒப்பாக்கி, நீளத்தைப் பழைய 13 அங்குலத்தில் விட்டுவிட்டார்கள். இந்தோனேசியாவில் ஃபோலியோ என்ற பெயரில் 215-க்கு 330 கிடைக்கும். லீகல் என்பது அமெரிக்க அளவு, 216-க்கு 356. அது இன்னும் நீளம்.

பழைய பிரிட்டிஷ் அலுவலகத் தாள் 8-க்கு 13 அங்குலமாகவும் இருக்கும், 8½-க்கு 13½ ஆகவும் இருக்கும். "ஃபுல்ஸ்கேப்" என்று பெயர் சொல்லி ஆர்டர் கொடுத்தால் இதில் எதுவும் வரலாம். பதிவேட்டுக்குத் தாள் சேர்க்கிறவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள், அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

கோப்புகள் விஷயத்தில் கவலை வேண்டாம். ஃபுல்ஸ்கேப் என்று எழுதிய பெரிய கோப்பில் ஏ4 தாராளமாகப் போகும். ஏ4 கோப்பில் ஃபுல்ஸ்கேப் வைத்தால்தான் கீழ் ஓரம் வெளியே நீட்டி, மடங்கி, கிழியும்.

ஃபோட்டோஸ்டேட் எடுத்தால் கடைசி வரிகள் காணாமல் போகின்றன. என்ன செய்வது?

330-இல் 297-ஐக் கழித்தால் 33 மில்லிமீட்டர். அந்த 33-இல் பெரும்பாலும் கையெழுத்தும் தேதியும் இருக்கும்! கடையில் "90 விழுக்காடு சிறிதாக்குங்கள்" என்று சொல்லுங்கள், 330 சரியாக 297-க்குள் வந்துவிடும். 13½ அங்குலத் தாளாக இருந்தால் 86 விழுக்காடு. ஸ்கேன் செய்கிறீர்கள் என்றால் இயந்திரத்தின் அளவுப் பட்டியலில் ஃபோலியோ இருக்கிறதா பாருங்கள். அது வழக்கமாக 8½-க்கு 13 அங்குலம். கண்ணாடிமேல் வைக்கும் ஸ்கேனர் பல ஏ4 நீளம்தான் இருக்கும். அப்போது மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக எடுத்து இணைப்பதே பாதுகாப்பு.

எங்கள் சங்கத்தில் மிகப் பழைய ஏடு இருக்கிறது. நீர்க்குறியை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாளை வளைக்காமல், வெளிச்சப் பலகை அல்லது வெள்ளைத் திரை காட்டும் டேப்லட் ஒன்றை இதழுக்குப் பின்னால் மெதுவாகச் செருகிப் பாருங்கள். முதலில் கோடுகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நெருக்கமான கோடுகளும், ஓர் அங்குல இடைவெளியில் குறுக்குக் கோடுகளும் இருந்தால் அது வரித்தாள். கோடே இல்லாமல் சமமாக இருந்தால் நெய்த வலையில் செய்த தாள். ஐரோப்பாவில் அது 1750களுக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வரித்தாள் என்பதால் மட்டும் பழையது என்று முடிவு செய்யக் கூடாது. 1820களில் உருளை வைத்து இயந்திரத் தாளிலும் கோடும் குறியும் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்து, குறி எங்கே இருக்கிறது? முழுத்தாளில் குறி நடுவில் இருக்காது, ஒரு பாதியின் நடுவில் இருக்கும். ஒருமுறை மடித்த ஏட்டில் அது இதழின் நடுவே வரும், ஓர் அங்குல இடைவெளிக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். இருமுறை மடித்திருந்தால் குறி தையல் ஓரத்தில் நடுவில் பாதியாக ஒளிந்துகொள்ளும், கோடுகள் குறுக்காக ஓடும். மூன்றுமுறை மடித்தால் தையலோரத்தின் மேல் மூலைக்குப் போய்விடும், கோடுகள் மறுபடி நெடுக்காகும். குறியே இல்லை என்று சொல்கிற பலர் இதழின் நடுவை மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

ஆங்கிலேயத் தாளாக இருந்தால் ஆண்டு கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. 1794-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது: ஏற்றுமதி செய்யும் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கில் குடியேறியது 1786-இல். கப்பலில் இங்கே வந்து சேர்ந்தது அந்த ஏற்றுமதித் தாள்தான். குறியில் 1805 என்று இருந்தால், எழுத்து 1805-க்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது. அதற்கு எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார்கள் என்பதை உள்ளே இருக்கும் செய்தியும் மையும்தான் சொல்ல வேண்டும். பழைய மலாய்ச் சுவடிகளுக்கும் இதே முறையில் காலம் கணிக்கிறார்கள். அவற்றில் பல ஐரோப்பியத் தாளில் எழுதப்பட்டவை.

பழைய ஃபுல்ஸ்கேப் ஏடுகள் பழுப்பேறி உடைகின்றன. வீட்டில் என்ன செய்யலாம்?

துணிக்கூழில் செய்த பழைய தாள் 200 ஆண்டு ஆனாலும் வளையும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாளில் பெரும்பாலானவைதான் பழுத்து நொறுங்குகின்றன. மை பரவாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்ததில் தாளுக்குள் அமிலம் சேர்ந்துவிட்டது, போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சையும் வரும், பூச்சியும் வரும்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. லேமினேட் செய்வதும் அதே அளவு கேடு. குத்திய இரும்பு ஊசிகளையும் கிளிப்புகளையும் பொறுமையாகக் கழற்றுங்கள், துருதான் முதலில் தின்னும். அமிலம் இல்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, தரையைத் தொடாத, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். அப்புறம், முதல் வேலையாகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள்.

இடம் இல்லை என்று தூக்கிப் போட நினைத்தால், அதற்கு முன் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 1930களின் சந்தா வரவு ஏடு ஒன்றில், வேறெங்கும் பெயர் பதியாத தோட்டத் தொழிலாளர்களின் பெயர் வரிசையாக இருக்கலாம்.

மறுபடி கட்டும்போது ஏ4 தாள் சேர்க்கலாமா?

கூடாது. கீழே 33 மில்லிமீட்டர் படி விழும், அந்தப் பள்ளத்தில் பழைய தாளின் ஓரம் தாங்குதல் இல்லாமல் மடங்கும். பெரிய தாள் வாங்கி ஏட்டின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும்போது தாளின் நார் முதுகுத் தையலுக்கு இணையாக ஓட வேண்டும். ஒரு துண்டை இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் திசையில் நார் ஓடுகிறது. குறுக்கே போனால் ஏடு திறந்து படியாது, மழைக்காலத்தில் முதுகோரம் அலை அலையாக எழும்பும். அமிலமற்ற தாள் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும்.